செற்றமும் சினமும்: திருப்பாவைச் சொல் ஒன்றின் பொருள்

சென்ற மார்கழியில் பாசுர வகுப்பு ஒன்றில் பதினோராம் பாட்டை ஓதி முடித்தபின் ஒரு சிறுமி ஆசிரியையிடம் ஒரு வினா எழுப்பினாள். 'செற்றார்' என்றால் பகைவர் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "பெருமாளுக்குப் பகைவர் உண்டா?" என்றாள். "உண்டு, கம்ஸன் இல்லையா?" என்றார் ஆசிரியை. "அப்படியானால் பெருமாளுக்கு அவர்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா?" என்பது அடுத்த வினா. வகுப்பு சிரித்துக் கலைந்தது. அடியேனுக்கு அந்த 'இன்னும்' என்ற சொல் பல நாள் மனத்தை விட்டு அகலவில்லை. பூர்வாசார்யர்கள் இந்தப் பாசுரங்களுக்கு அருளிய உரைகளில் இந்த வினாவுக்கு விடை இருக்கிறது. இக்காலப் பொழிப்புரைகளில் அது இல்லை. 'செற்றார் – பகைவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவை நின்றுவிடுகின்றன. அவ்வுரை பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பாசுரத்தின் உயிர் அடங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். செறு என்னும் வினையடி வெகுளுதல், வெறுத்தல், அழித்தல் ஆகிய பொருள்களில் பண்டு தொட்டு வழங்குகிறது. அதிலிருந்து பிறந்த பெயரே செற்றம். சினமும் செற்றமும் ஒன்றே எனப் பொதுவில் எண்ணுகிறோம். பழைய உரையாசிரியர்கள் அவ்வாறு எண்ணவில்லை. திருமுருகாற்றுப்படையில் வரும் செற்றம் என்ற சொல்லுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், நெடுங்காலம் நிகழும் பகைமையே அது என்று கால அளவைப் பொருளின் உள்ளேயே வைத்தார். சினம் நிகழ்ந்து அடங்குவது. செற்றம் தங்குவது; தங்கித் தங்கி உறைவது. இன்றைய வழக்கில் இதற்கு நெருங்கிய சொல் காழ்ப்பு. காழ் என்பது மரத்தின் உள்வயிரம். வெளிப்பட்டை உரிந்தாலும் உள்ளே இறுகி நிற்பது எதுவோ அது காழ். பகை அந்நிலையை அடைந்தால் காழ்ப்பு. (வடமொழியில் பகையைக் குறிக்கும் வைரம் வேறு, வஜ்ரத்திலிருந்து வந்த நம் வயிரம் வேறு. இரண்டும் ஒலியில் ஒன்றியது மொழியின் தற்செயல்தான். எனினும் பகையை 'வைரம்' என்று கேட்கும் தமிழ்ச் செவிக்கு மரத்தின் வயிரமும் உடன் நினைவுக்கு வருவதைத் தடுக்க இயலாது.)

திருக்குறளில் இன்னா செய்யாமை அதிகாரத்தில் 'செற்றார்' என்ற சொல், நாம் ஒரு தீங்கும் செய்யாதிருக்கவும் நம்மேல் பகை கொண்டவரைக் குறித்து வருகிறது. பரிமேலழகரும் அவ்விடத்தில் 'செற்றங் கொண்டார்' என்றே உரைத்தார். பகைவர் என்று பொதுச்சொல்லால் பெயர்க்கவில்லை. அதே நூலின் காமத்துப்பாலில் தலைவி தன்னைப் பிரிந்து சென்ற தலைவனையே செற்றார் என்கிறாள். அங்கே அச்சொல்லின் உட்பொருள் வேறு. அதைப் பின்னர் பார்ப்போம்.

திருப்பாவையின் 30 பாசுரங்களில் இவ்வினையடி நான்கு இடங்களில் வருகிறது. 11ஆம் பாசுரத்திலும் 20ஆம் பாசுரத்திலும் 'செற்றார்' என வினையாலணையும் பெயராக நின்று எதிரிகளைக் குறிக்கிறது. 12ஆம் பாசுரத்தில் 'செற்ற' என்றும் 24ஆம் பாசுரத்தில் 'செற்றாய்' என்றும் நின்று, இலங்கையையும் அதன் கோமானையும் அழித்த சக்ரவர்த்தித் திருமகனின் செயலைக் குறிக்கிறது. செற்றம் என்ற பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. இப்பகுப்பை வெறும் இலக்கணச் செய்தியாக விட்டுவிடக்கூடாது. எதிரிகளின் பக்கத்தில் அச்சொல் ஆளைக் குறிக்கும் பெயராகிவிட்டது. செறுதல் அவர்கள் செய்த ஒரு செயலாக நில்லாமல் அவர்கள் யார் என்பதையே காட்டும் அடையாளமாயிற்று. எம்பெருமான் பக்கத்திலோ அது ஒரு செயல், நிகழ்ந்தது, முடிந்தது.

இதைவிட வியப்பானது அச்சொல்லை அடுத்து ஆண்டாள் வைத்துள்ள சொற்கள். 11ஆம் பாட்டில் செற்றாரோடு போர் செய்யும் கோவலர்களைச் சொன்ன உடனே, அவர்களிடம் குற்றம் ஒன்றும் இல்லை என்கிறாள். 12ஆம் பாட்டில் இலங்கைக் கோமானைச் செற்றதைச் சொன்ன உடனே, மனத்துக்கினியான் என்கிறாள். 20ஆம் பாட்டில் செற்றார்க்கு வெப்பம் கொடுப்பதைச் சொன்ன உடனே, விமலா என்று விளிக்கிறாள். பகையும் போரும் அழிவும் வாயில் வரும் ஒவ்வொரு முறையும் அதை ஒட்டியே குற்றமின்மை, இனிமை, மலமின்மை என ஒரு காவற்சொல் வந்து நிற்கிறது. 24ஆம் பாட்டில் மட்டும் இக்காவல் இல்லை. அங்கே அவர்கள் அவனுடைய திறலுக்குப் பல்லாண்டு பாடுகிறார்கள்; அவனுக்கு என்ன வருமோ என்று அஞ்சும் பரிவு மேலோங்கிய இடமாதலால் வேறு நினைவு எழவில்லை என்று கொள்ளலாம். மூன்று இடங்களில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ள அடியேன் மனம் ஒப்பவில்லை.

இனி வியாக்கியானங்களின் வழியில் 11ஆம் பாட்டுக்கு வருவோம். கறவைக் கணங்களை மேய்த்துக் கறந்து வாழும் இடையர்களுக்குப் பகைவர் யார் என்பது அங்கு எழும் வினா. அவர்களுக்கு நாடும் இல்லை, எல்லையும் இல்லை. கண்ணனுடைய ஏற்றத்தைக் கண்டு பொறாத கம்ஸன் முதலியோரே அவர்களுக்குச் செற்றார் என்பது உரையாசிரியர்கள் காட்டும் விடை. அப்படியானால் அவர்களுக்கென்று தனியே ஒரு பகையும் இல்லை. கண்ணனைப் பொறாதவர்கள் தங்களைப் பொறாதவர்கள். மறுபுறம் கண்ணனுக்குப் பகைவர் யார் என்று கேட்டால், மஹாபாரதத்தில் அவனே சொன்ன விடை இருக்கிறது. ஹஸ்தினாபுரத்துக்குத் தூது சென்றபோது துரியோதனன் விருந்துக்கு அழைத்தான். கண்ணன் மறுத்தான். எனக்கும் உனக்கும் என்ன பகை என்று கேட்டவனுக்கு, பாண்டவர்கள் எனக்கு உயிர். அவர்களை வெறுக்கும் நீ என்னை வெறுத்தவனே, வெறுப்பவன் இட்ட சோறு உண்ணத்தகாதது என்ற கருத்தில் விடை கூறினான். உத்யோக பர்வத்தில் உள்ள இந்தச் செய்தி நம்மவர்கள் பல இடங்களில் எடுத்தாள்வது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அடியார்கள் தங்களுக்கென்று பகை கொள்ளவில்லை. அவன் பகையே தங்கள் பகை. அவனும் தனக்கென்று பகை கொள்ளவில்லை. அடியார் பகையே தன் பகை. ஒருவர் பகையை மற்றவர் சுமக்கிறார். தன் பகையைத் தான் சுமப்பவர் இப்பக்கத்தில் ஒருவரும் இல்லை. தன்பொருட்டாக மனத்தில் ஊறி நிற்பதே செற்றம் என்றால், அது வேர்கொள்ள இங்கே இடமே இல்லை. கீதையில் தனக்கு வெறுக்கத்தக்கவனும் இல்லை, உகந்தவனும் இல்லை என்று அவன் சொன்னதற்கும், அவனுக்குச் 'செற்றார்' உண்டு என்று ஆண்டாள் சொல்வதற்கும் முரண் இல்லாமற் போவது இவ்வாற்றான். செற்றம் அவர்களுடையது. அவர்கள் செற்றார், அவன் செற்றம் கொள்ளவில்லை.

இதற்குச் சான்றாக ஸ்ரீராமாயணத்தில் ஓர் இடம் உண்டு. 12ஆம் பாசுரத்தில் 'சினத்தினால்' என்ற சொல்லுக்கு உரை சொல்லும்போது நம் ஆசார்யர்கள் அவ்விடத்தையே காட்டுவர். பிராட்டியைப் பிரித்தவன்மேல் எழுந்த சினம் என்றே நாம் எண்ணுவோம். அவர்கள் காட்டுவது வேறு. யுத்த காண்டத்தில் முதல்நாள் இராவணன் நேரே போருக்கு வந்தபோது பெருமாள் திருவடியின் தோள்மேல் ஏறிப் பொருதார். இராவணன் தன் அம்புகளைப் பெருமாள்மேல் விடவில்லை. அவரைச் சுமந்து நின்ற அநுமன்மேல் விட்டான். அதைக் கண்டபோதுதான் பெருமாள் கோபத்தின் வசப்பட்டார் என்கிறார் வால்மீகி. தனக்கு நேர்ந்த இழப்புக்காக எழாத சினம், தன் அடியான் உடம்பில் புண்ணைக் கண்டு எழுந்தது.

உரையாசிரியர்கள் காட்டும் இந்தச் சுலோகத்துக்குச் சற்று முன்னே வால்மீகி இராவணன் மனத்தைச் சொல்லியிருப்பது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. அவன் எதனால் அநுமன்மேல் அம்பு தொடுத்தான்? 'பூர்வவைரம்', அதாவது பழைய பகை, அவனுக்கு நினைவுக்கு வந்தது. இலங்கை எரிந்ததும் அக்ஷகுமாரன் மாண்டதும் அவன் நெஞ்சில் ஊறிக் கிடந்தன. ஒரே நிகழ்ச்சியில், சில அடிகளின் இடைவெளியில், முனிவர் இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். இவனிடம் பழம்பகையின் நினைவு. அவரிடம் அப்போதே எழுந்த கோபம். நம் சொற்களில் சொன்னால், அங்கே செற்றம், இங்கே சினம்.

அச்சினம் என்ன செய்தது என்பதையும் பார்க்கவேண்டும். தேரை முறித்து, வில்லை வீழ்த்தி, முடியை அறுத்து, நிராயுதனாய் நின்றவனைக் கொல்லாமல், களைத்திருக்கிறாய், இன்று போய் இளைப்பாறி வா என்று விடை கொடுத்தார் பெருமாள். செற்றம் உடையவனுக்கு அது கிடைத்தற்கரிய வாய்ப்பு. தவற விட்டிருக்க மாட்டான். சினம் மட்டுமே உடையவர்க்கு அதை விடுவதில் வருத்தம் இல்லை. செற்ற செயலைச் சொன்ன மறு சொல்லிலேயே மனத்துக்கினியான் என்று ஆண்டாளால் சொல்ல முடிந்தது இதனால்தான் என்று தோன்றுகிறது. சினத்தைத் தன் கருவியாக எடுத்து, பணி முடிந்ததும் வைத்துவிடும் ஒருவனைப் பற்றிய பேச்சு அது.

இராவணன் மாண்டபின் நிகழ்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஈமக்கடன் செய்யும்படி பெருமாள் விபீஷணாழ்வானைப் பணித்தார். அவரோ தயங்கினார். அறம் விட்டவன், பிறர் தாரத்தைத் தீண்டியவன், உடன்பிறந்தவனாயினும் பகைவன். இவனுக்கு நான் கடன் செய்வது தகாது என்றார். அப்போது பெருமாள், பகைகள் மரணத்தோடு முடிபவை, நம் காரியமும் முடிந்தது, உனக்கு அவன் எப்படியோ எனக்கும் அப்படியே என்ற கருத்துப்படப் பேசி அவரைச் செய்வித்தார். இந்த இடத்தைப் பெருமாளின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே உபந்யாஸங்களில் கேட்டு வருகிறோம். அது சரியே. ஆனால் அப்போது அந்தப் போர்க்களத்தில் பகை இன்னும் யாரிடம் தங்கியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிரிவையும் போரையும் தாங்கியவரிடம் இல்லை. சரணாகதி செய்த பரம பாகவதரிடம் இருந்தது. சரணாகதியின் இலக்கணமாகவே நாம் கொண்டாடும் ஒருவரிடம்கூடச் செற்றத்தின் எச்சம் ஒரு கணம் தங்கிற்று. எம்பெருமான் அதைக் கண்டு நீக்கினார். செற்றம் நமக்கு வராது என்று நாம் துணிவதற்கு என்ன இருக்கிறது?

இக்கேள்வியை ஸ்ரீவசனபூஷணம் நேரே எடுத்துக்கொள்கிறது. அஸஹ்யாபசாரம் என்பதற்குப் பிள்ளை லோகாசார்யர் இலக்கணம் கூறும்போது, காரணம் ஒன்றும் இல்லாமலே பகவத் விஷயம் என்றால் பொறாதிருப்பதை முதலில் வைத்தார். ஆசார்யர்களிடமும் அடியார்களிடமும் படும் அபசாரத்தையும் அதே இனத்தில் சேர்த்தார். 'காரணம் இன்றி' என்ற அடைமொழி, குறளில் நாம் கண்ட செற்றாரை நினைவுக்குக் கொண்டுவருகிறது. காரணம் உள்ள கோபத்துக்குக் காரணம் தீர்ந்தால் முடிவு உண்டு. காரணம் இல்லாதது தன்னையே உணவாகக் கொண்டு வளர்வது. கம்ஸனைப் பற்றி 25ஆம் பாசுரத்தில் ஆண்டாள் சொல்வதும் இதே செய்தி. அவன் தரிக்கமாட்டாதவனாய்த் தீங்கு நினைத்தான் என்கிறாள். தரிக்கமாட்டாமை என்பது அஸஹனம் என்பதன் நேர்த்தமிழ். பிள்ளை கண்ணெதிரே இல்லை, மறைவில் வளர்கிறது. ஆயினும் அது எங்கோ வளர்வதையே அவனால் பொறுக்க முடியவில்லை. செற்றத்துக்கு உரை தேடி நாம் வெளியே செல்லவேண்டியதில்லை. திருப்பாவையிலேயே அது இருக்கிறது.

அதே நூலில் மற்றோர் இடம், பிறர் நமக்குச் செய்த குற்றத்தை நாம் என்ன செய்வது என்பது பற்றியது. அசோக வனத்தில் அரக்கிமார் பத்து மாதம் செய்த கொடுமைகளைப் பிராட்டி பெருமாளிடமும் சொல்லவில்லை, திருவடியிடமும் சொல்லவில்லை. அவளைப் போலவே, தனக்குப் பிறர் செய்த குற்றங்களைப் பகவானிடமோ பாகவதர்களிடமோ அறிவிக்கலாகாது என்கிறார் பிள்ளை லோகாசார்யர். எல்லாம் அறிந்தவனிடம் சொல்லாமல் மறைப்பதால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் அவனுக்கு அன்று. சொல்லச் சொல்லக் குற்றம் புதிதாகிறது. முறையீடு ஒவ்வொன்றும் ஆறிய புண்ணைத் தோண்டிப் பார்க்கும் விரல். செற்றம் நினைவால் வாழ்வது. நினைவு நாவால் வாழ்வது. அயோத்யா காண்டத்தின் தொடக்கத்தில் பெருமாளின் குணங்களை அடுக்கும் வால்மீகி, பிறர் செய்த நூறு அபகாரங்களையும் அவர் நினைப்பதில்லை, செய்த ஓர் உபகாரம் போதும், அதை நினைந்து மகிழ்வார் என்று கூறியதும் நினைவைப் பற்றிய பேச்சே.

குற்றம் செய்தவரிடம் நமக்கு இருக்கவேண்டியவை ஐந்து என்றும் அந்நூல் கூறும்: பொறை, கிருபை, சிரிப்பு, உகப்பு, உபகார ஸ்மிருதி. முதல் இரண்டும் எந்த அறநூலிலும் காணக்கூடியவை. பின் மூன்றும் நம் ஸம்பிரதாயத்துக்கே உரியவை. தேகத்தையும் பேரையும் நம்மது என்று எண்ணி அவற்றைப் புண்படுத்தினவன், நம்மைப் புண்படுத்தியதாக நினைக்கிறானே என்று எழுவது சிரிப்பு. நமக்கே தடையாயிருந்த அவற்றின்மேல் அவன் கைவைத்தானே என்று எழுவது உகப்பு. நம் குற்றத்தை நமக்குக் காட்டினானே என்று நினைப்பது உபகார ஸ்மிருதி. இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால், பொறை என்பது செற்றத்தை அடக்குவது மட்டுமே. உள்ளே அது இருந்துகொண்டே இருக்கலாம். ஐந்தாவதற்கு வரும்போது அதே நினைவு, அதே ஆள், அதே செயல். நினைவின் பெயர் மட்டும் மாறிவிட்டது. அபகாரமாக நினைத்தது உபகாரமாக நினைக்கப்படுகிறது. மறந்துவிடு என்று ஆசார்யர் சொல்லாதது கவனிக்கத்தக்கது. மறதி நம் கையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இது ஏட்டளவில் நின்ற உபதேசம் அன்று. கூரத்தாழ்வான் கண்ணிழந்த வரலாற்றைக் குருபரம்பரை கூறுகிறது. அவ்வாறு நேர்வதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னர் காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே நின்று துதித்து, வேண்டியது கேள் என்று திருவுள்ளம் ஆனபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் வேண்டிக்கொண்டார். உடையவர் கேட்கச் சொன்னது கண். அவர் கேட்டது இது. உபகார ஸ்மிருதி என்ற சொல்லைப் பிள்ளை லோகாசார்யர் எழுதுவதற்கு முன்பே அதை ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். 1370 முதல் 1443 வரை எழுந்தருளியிருந்த மணவாள மாமுனிகள் ஸ்ரீவசனபூஷணத்துக்கு அருளிய வியாக்கியானத்தைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஐந்தின் பின்னால் ஆழ்வானின் திருமுகமே அடியேனுக்குத் தெரிகிறது.

இங்கே ஒரு தடை எழும். கீதையின் 16ஆம் அத்தியாயத்தில், தன்னை வெறுக்கும் கொடியவர்களை ஆஸுர யோனிகளில் எறிகிறேன் என்று எம்பெருமானே சொல்கிறான். அடியாரிடம் அபசாரப்பட்டவனைப் பொறுக்கமாட்டேன் என்ற அவன் வார்த்தையையும் நம்மவர்கள் அதனோடு சேர்த்துச் சொல்வர். இது செற்றம் ஆகாதா? தடை எளியதன்று. அவரவர் வினையின் பயனை அவன் ஊட்டுகிறான் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க அடியேன் விரும்பவில்லை. 'பொறுக்கமாட்டேன்' என்ற சொல்லில் வெறும் வினைப்பயனைவிட அதிகமாக ஒன்று இருக்கிறது. ஆயினும் அதிலும் தன்பொருட்டு ஒன்றும் இல்லை என்பதைக் காண்கிறோம். அவன் பொறுக்கமாட்டாதது அடியாருக்குச் செய்ததை. அதற்கும் முடிவு உண்டு. ஆழ்வான் வேண்டியவுடன் நாலூரானுக்கு அருளியதாகவே குருபரம்பரை சொல்கிறது. யாருக்காகப் பொறுக்கவில்லையோ அவர் பொறுத்தால் அவனும் பொறுக்கிறான்.

சிசுபாலன் செய்தி இதற்கு மறுபுறம். திருவாய்மொழி 7ஆம் பத்தின் 5ஆம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் அவனைப் பழம்பகைவன் என்கிறார். செவி சுடும் வசவுகளையே வைதவன் எம்பெருமான் திருவடியை அடைந்தான். ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் மைத்ரேயர் இதையே கேட்கிறார்: ஹிரண்யனாகவும் இராவணனாகவும் இருந்தபோது பெறாததை இப்பிறவியில் எப்படிப் பெற்றான்? பல பிறவிகளில் ஏறிய பகையால் அவன் திருநாமங்களையே வசவாகச் சொல்லிச் சொல்லி, இருந்தும் நடந்தும் உண்டும் உறங்கியும் அவனையே நினைத்திருந்தான் என்று பராசரர் விடை கூறுகிறார். அப்படியானால் செற்றமும் ஓர் உபாயமா என்று சிலர் மகிழ்ந்து கேட்பதுண்டு. ஆழ்வார் அப்படிப் பாடவில்லை. அந்தப் பதிகம் முழுவதும் அவர் கேட்பது, இப்படிப்பட்டவனுக்கும் அருளியதைக் கேட்டபின் வேறொருவனிடம் மனம் செல்லுமோ என்பதே. வியப்பு சிசுபாலனைப் பற்றியது அன்று. பகை எத்தனை பழையதாயினும் அவனுக்கு அது பழங்கணக்காக நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. வகுப்பில் எழுந்த 'இன்னும்' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான விடை அடியேனுக்குத் தெரியவில்லை.

முன்னர் விட்டுவைத்த ஒன்று. பிரிந்த தலைவனைத் தலைவி செற்றார் என்பது போல, ஆண்டாளும் நாச்சியார் திருமொழியின் 13ஆம் திருமொழியில் யசோதை இவனை வேம்பாகவே வளர்த்தாள் என்கிறாள். கசப்பு என்றால் இதைவிடக் கசப்பு இல்லை. திருப்பாவையின் மனத்துக்கினியானுக்கு உரை சொல்லும்போது ஆசார்யர்கள் இந்த வேம்பையும் நினைத்துக்கொண்டார்கள். பெண்களைத் துடிக்கவிடும் கண்ணன் வேம்பு, பெருமாள் இனியவர் என்று. ஆனால் இந்தக் கசப்பைச் செற்றத்தோடு சேர்த்து எண்ணுவது பெரும்பிழை. இது பிரணய ரோஷம். திருவாய்மொழி 6ஆம் பத்தின் 2ஆம் திருவாய்மொழியில் கதவடைத்துப் போ என்று சொன்ன பராங்குச நாயகிக்கும் இதே ரோஷம். அவன் வராவிட்டால் கசப்பது, வந்தால் தீர்வது. செற்றம் எதிரி வந்தால் வளர்வது, வராவிட்டாலும் வளர்வது. ஊடலைச் செற்றமாக மொழிபெயர்க்கும் உரைகளையும் அண்மையில் கண்டேன். அவற்றைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

செறு என்னும் அடியின் வேறொரு பயனையும் குறித்து வைக்கலாம். திருவாய்மொழி 1ஆம் பத்தின் 2ஆம் திருவாய்மொழியில், ஆத்மாநுபவம் மட்டுமே ஆன கைவல்யத்தில் கால் தாழாதே அதைச் 'செற்று' இறைவனைப் பற்று என்று வியாக்கியானங்கள் பொருள் கொள்ளும். ஆட்களைச் செறுவதை விட்டு, நம்மைத் தேக்கி வைப்பதைச் செறுவதற்கு அச்சொல்லை ஆழ்வார் திருப்பிவிட்டார்.

இத்தனையும் ஒரு பொழிப்புரைக்குள் அடங்காது என்பது அறிந்ததே. ஆயினும் 'பகைவர்' என்று எழுதும் இடத்தில் 'செற்றம் கொண்டவர்' என்றோ 'பொறாது பகை வளர்த்தவர்' என்றோ எழுதுவதால் ஏட்டில் இரண்டு சொற்களே கூடும். குழந்தைகளின் வினாவுக்கு வழி பிறக்கும். நமக்கும் அதில் ஒரு பாடம் இல்லாமல் இல்லை. திருமண்காப்பின் வடிவம் பற்றியும், எந்த வாழித்திருநாமம் முதலில் என்பது பற்றியும் தாத்தா காலத்தில் தொடங்கிய வழக்குகளைப் பேரன்மார் நடத்திவரும் ஸம்பிரதாயம் நம்முடையது. அவ்வழக்குகளின் நியாயம் எப்பக்கம் என்பது இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது. அவற்றில் நச்சினார்க்கினியர் சொன்ன நெடுங்காலம் இருக்கிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

இறுதியாக 24ஆம் பாட்டைப் பற்றி ஓர் ஐயம். அதன் முடிவில் ஆய்ச்சியர் பல்லாண்டு பாடும் வேல் எதைக் கெடுக்கிறது? ஆண்டாள் சொன்னது 'பகை'. 'பகைவர்' என்று சொல்லவில்லை. பண்பின் பெயர் அதை உடையவரைக் குறித்ததாக, ஆகுபெயராகக் கொண்டு பகைவரைக் கெடுக்கும் வேல் என்றே பொழிப்புரைகள் எழுதுகின்றன. இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அடுத்த பாட்டிலேயே கம்ஸனைச் சொல்லும்போது, அவன் கருத்தைப் பிழைபடச் செய்தான் என்றே அவள் பாடுகிறாள். அங்கும் சொல் ஆளைத் தொடவில்லை, அவன் நினைவைத் தொடுகிறது. இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து இவ்வாறு நிற்க, நேர்பொருளை விட்டு ஆகுபெயருக்குப் போகவேண்டிய கட்டாயம் என்ன என்பதை உரை வல்லார் ஆராய்ந்து தெளிவிக்கவேண்டும்.